வெள்ளத்தாயி பேருக்கு நேரே நான் அழுத்தியது

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். கடிதம் எழுது என்று நீ கேட்ட காலத்தில் நான் எழுதியதில்லை. இப்போது நீ கேட்காமலே எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நீ குறுக்கே பேசுகிறாய், எனக்கு அழுகை வந்துவிடுகிறது, கடைசியில் "சரிம்மா", "சரிப்பா" என்று வைத்துவிடுகிறோம். இரண்டு மாதமாக இதே கூத்துதான். வருகிற வெள்ளிக்கிழமை நீ நைரோபிக்கு விமானம் ஏறுகிறாய். அந்த நாட்டுக் கோர்ட்டுகளில் உங்கள் கம்பெனியின் செயலியைப் பழக்கிவைக்கிற வேலை, அதற்கு நீதான் பொறுப்பு. பெருமாள்மலை முக்கில் பழக்கடைக்காரியிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொல்லித் திரிந்தேன், வேறு யாருக்கு என்ன சோலி? அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. ஆனால் அதோடு சேர்த்து உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வெள்ளத்தாயியின் இரண்டு ஏக்கர் நிலம் கோர்ட்டில் போனதற்குக் காரணம் நான். அது திரும்புவதற்கு ஒரே ஒரு வழி பாக்கி இருக்கிறது என்கிறார்கள், அது உங்கள் கம்பெனியில் கிடக்கிற ஒரு பட்டியல். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கோர்ட்டு வாசலில் முப்பது வருஷமாக டைப் அடிக்கிறவளுக்குக் கடிதம் எழுத வராது என்பது இப்போதுதான் தெரிகிறது. பத்திக்குப் பத்தி எண் போடக் கை போகிறது. "மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்" என்று அடித்துவிட்டு இரண்டு தடவை அழித்தேன். மனுவில் ஒரு சௌகரியம் உண்டு தம்பி, எது தேவையோ அதை மட்டும் சொன்னால் போதும். வேண்டாததை விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. அதனால் இதில் எதையும் விடாமல் எழுதப் பார்க்கிறேன், நீட்டி முழக்குகிறாள் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் அப்பா தாண்டிக்குடி ரோட்டில் ஜீப் ஓட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அவர் ஏற்றிப் போன சரக்கில் ஒன்று உனக்குத் தெரியாது. கீழ்ச்சரிவில் காட்டோரம் இருக்கிற மலைச்சனங்களில் நிறையப் பேருக்கு நம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. நில வழக்கு, வேலி வழக்கு, வனத்துறைக்காரர்கள் போட்ட வழக்கு. அவர்களுக்கு அடுத்த விசாரணைத் தேதியை, அதாவது வாய்தாவை, யார் போய்ச் சொல்வது? நான் ஒரு துண்டுக் காகிதத்தில் பேரும் தேதியும் அடித்து உன் அப்பாவிடம் கொடுப்பேன். அவர் ஜீப்பின் வெயில் தடுப்பில் செருகிக்கொண்டு போய் ரகுமத் பாய் கடையில் கொடுப்பார். மலைச்சனம் தேனும் கடுக்காயும் கொண்டுவந்து போடுகிற கடை அது. அவர்கள் வரும்போது பாய் வாசித்துச் சொல்லி, சீட்டைக் கையில் கொடுத்து, "திருப்பிச் சொல்லு பாப்போம், என்னைக்கு?" என்று கேட்டு, சரியாகச் சொன்ன பிறகுதான் உப்பும் பருப்பும் கட்டுவார். ஆள் வரவில்லையென்றால் சீட்டு அடுத்த ஜீப்பில் எனக்கே திரும்பி வரும், நான் வக்கீலிடம் சொல்லி வேறு வாய்தா வாங்கிவிடுவேன். உன் அப்பா போன பிறகும் மற்ற டிரைவர்கள் அதைச் செய்தார்கள். ஒருத்தர்கூட வாய்தா தவறவிட்டதில்லை. இதை நான் ஏதோ அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை, அந்த ஜீப்பில் போய்வந்து என் இடுப்பு போனது எனக்குத்தான் தெரியும். ஆனால் அதில் சீட்டு போய்ச் சேராவிட்டால் சேரவில்லை என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், கோர்ட்டு அறிவிப்பை அவரவர் போனுக்கே அனுப்புகிற செயலியோடு நீ வந்தாய். முதலில் பழகிப் பார்க்க ஒரு சின்ன மலைக் கோர்ட்டு வேண்டும் என்று உங்கள் கம்பெனி தேடியபோது நீயே நம் கோர்ட்டின் பேரைச் சொன்னாய். வக்கீல்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "எம் பையன் செஞ்சதுங்க, ஒரு தடவ பாருங்க" என்று ஒவ்வொருவர் மேசையாகப் போய் நின்றவள் நான். கட்சிக்காரர்களைப் பதிவு செய்கிற வேலையும் என்னிடமே வந்தது. பேர், வழக்கு எண், ஊர் எல்லாம் போட்டாயிற்று, கைபேசி எண் என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. மலைச்சனத்துக்கு ஏது போன்? இருந்தாலும் அங்கே சிக்னல் ஏது? உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அந்தக் கட்டத்த காலியா விட வழி இல்லையாடா?" நீ ஏதோ மீட்டிங்கில் இருந்தாய். "யாராவது ஒரு நம்பரப் போடும்மா, பொறவு மாத்திக்கலாம்" என்றாய். நான் என் நம்பரைப் போட்டேன். வெள்ளத்தாயிக்குப் போட்டேன், அவள் தம்பிக்குப் போட்டேன், அவள் பக்கத்து வீட்டு மாரிக்குப் போட்டேன், போன் இல்லாத அத்தனை பேருக்கும் என் நம்பர்தான். வெள்ளத்தாயி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா, அப்ப எனக்கு வர்ற கடுதாசி எல்லாம் ஒங்க போனுக்கு வருமா?" என்று கேட்டாள். "ஆமா, நான் சொல்லிவிட்டுருவேன், நீ ஒஞ் சோலியப் பாரு" என்றேன். "அப்பச் சரி" என்று போய்விட்டாள். மாற்றுவது என்பது பிறகு நடக்கவே இல்லை. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் பெரிய பாவி இல்லை. சீட்டு அடிப்பதை விடாமல் இருந்திருக்கலாம். ஆனால் நீ ஒருநாள் சொன்னாய், அனுப்புகிற அறிவிப்பில் எத்தனை பார்க்கப்பட்டது, எத்தனை பார்க்கப்படாமல் கிடக்கிறது என்று கம்பெனியில் எல்லார் முன்னாலும் திரையில் காட்டுவார்கள் என்று. மற்ற கோர்ட்டுகள் எல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது, நம் கோர்ட்டும் சிவப்பாகிவிட்டால் எனக்குத் தலைகுனிவு என்றாய். அன்றிலிருந்து என் விரலுக்கு ஒரு வேலை வந்தது. காலையில் பெருமாள்மலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் செயலியைத் திறப்பேன். ஒவ்வொரு பேருக்கு நேரேயும் "பார்த்தேன்" என்று ஒரு பொத்தான். வரிசையாக அழுத்திக்கொண்டே போவேன். பஸ் கொடைக்கானல் கோர்ட்டு வாசலில் போய் நிற்பதற்குள் ஒரு சிவப்புகூட இருக்காது. வழக்கை வக்கீல்தான் பார்த்துக்கொள்கிறாரே என்று சீட்டு அடிப்பதும் மெல்ல நின்றுபோனது. பக்கத்துச் சீட்டுக்காரி ஒருத்தி, "என்னங்க, ஏதும் கேமா?" என்று கேட்டாள். ஆமா என்றேன்.

உனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? கொடைக்கானலில் அந்தப் பெரிய பள்ளியில் உனக்குச் சலுகையில் இடம் கிடைத்தது. தினமும் அரைமணி நேரம் பிள்ளை இங்கிலீஷ் புத்தகம் வாசித்தான் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கொண்டுபோக வேண்டும். நீ வாசிக்க மாட்டாய், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் நானே கையெழுத்துப் போடுவேன். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று என மாற்றி மாற்றிப் போடுவேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "அவன் வாசிக்கலன்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சாத்தானடி வாசிக்க வைப்பாக, நீ கையெழுத்துப் போட்டு என்னத்தக் கிழிச்ச?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பிள்ளையைப் படிக்க வைக்கத் துப்பில்லை, பேச வந்துட்டீகளாக்கும் என்று மூன்று நாள் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரிடம் அதைச் சொல்லாமலே விட்டேன்.

இனி வெள்ளத்தாயிக்கு வருகிறேன். தாண்டிக்குடிக்குக் கீழே, ஜீப் நிற்கிற வளைவிலிருந்து ஒரு மணி நேரம் இறங்கினால் அவள் இடம். அவளுடைய மாமனார் காலத்தில் அரசாங்கம் ஒப்படைத்த பட்டா நிலம். காப்பியும் எலுமிச்சையும் நான்கு பலா மரமும் மிளகுக் கொடியும். பக்கத்து எஸ்டேட்டைப் புதிதாக வாங்கிய ஒருவர் அவளுடைய நிலமும் தன் சர்வே எண்ணுக்குள் வருகிறது என்று வழக்குப் போட்டார். அவளிடம் பட்டா இருந்தது, பழைய நிலவரி ரசீது இருந்தது, எல்லாவற்றையும் மூங்கில் குழாயில் சுருட்டி வைத்திருந்தாள். நம் பெரிய வக்கீல் ஐயா காசு வாங்காமல் நடத்தினார். "இந்தக் கேஸ் தோத்தா நான் கோட்டைக் கழட்டி மாட்டிடறேன்" என்றார். அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்து, கோயம்புத்தூரில் இருக்கிற மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வக்கீல் விலகிவிட்டார், நீங்களே வந்து ஆஜராகுங்கள் என்று வெள்ளத்தாயிக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்டது. பதிவுத் தபால் கதவு பூட்டியிருந்தது என்று திரும்பிவிட்டது, தேன் எடுக்கிற காலம், ஊரே காட்டுக்குள் இருந்தது. மற்றொரு அறிவிப்பு உன் செயலியில் வந்தது.

அது எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். ஆனால் நான் பார்த்தேன் தம்பி. வெள்ளத்தாயி என்ற பேரைப் பார்த்தேன், வாய்தா தேதியையும் பார்த்தேன். இதற்கு இன்றைக்கே சீட்டு அடித்து ஜீப்பில் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே "பார்த்தேன்" என்று அழுத்திவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டேன். அழுத்தியதும் சிவப்பு போய்விட்டது, சிவப்பு போனதும் என் மனசிலிருந்தும் போய்விட்டது. அந்த வாரம்தான் நீ என்னைப் பெங்களூருக்குக் கூப்பிட்டிருந்தாய். புடவைக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும், உனக்கு அதிரசம் சுட வேண்டும், என் தலையில் அதுதான் ஓடியது. அவளுடைய வாய்தா அன்றைக்கு நான் உங்கள் கம்பெனி மேடையில் நின்றேன். எங்கள் முதல் கோர்ட்டில் ஏறத்தாழ எல்லா அறிவிப்பும் பார்க்கப்பட்டது என்று பெரிய திரையில் பச்சைக் கோடாகக் காட்டினார்கள். நீ மைக்கில் "திஸ் இஸ் மை மதர்" என்றாய். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு மனசு பூரித்துப் போயிற்று. இங்கே கோர்ட்டு வாசலில் டவாலி மூன்று தடவை வெள்ளத்தாயி என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். அவள் வரவில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது.

பல மாதம் கழித்துக் கோர்ட்டு அமீனா சர்வேயரையும் போலீசையும் கூட்டிக்கொண்டு போய் நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. மறுநாள் வெள்ளனே கிளம்பி என்னிடம் ஓடிவந்தாள். "யக்கா, கோர்ட்டுல கேசு முடிஞ்சிருச்சாம்ல? ஒண்ணுமே சொல்லிவிடலியேக்கா" என்றாள். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வக்கீல் தேடி அலைந்தேன். சட்ட உதவியிலிருந்து ஒரு சின்ன வயசு வக்கீல் பொண்ணு கிடைத்தாள். தீர்ப்பை ரத்து செய்யவும், தாமதத்தை மன்னிக்கவும் மனு. அந்த மனுவை அடித்தது யார்? நான்தான். "மனுதாரருக்கு அறிவிப்பு எதுவும் கிடைக்கவில்லை" என்று அடித்தேன். ஏன் கிடைக்கவில்லை என்று அதற்கு அடுத்து ஒரு வரி அடித்திருக்க வேண்டும். கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. உன் முகம் நினைவுக்கு வந்தது, வெளிநாட்டு வேலைக்கு உன் பேர் பேச்சில் இருக்கிறது என்று நீ அந்த வாரம் சொன்னது நினைவுக்கு வந்தது. புள்ளி வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

விசாரணை அன்றைக்கு எதிர்க்கட்சி வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். உங்கள் செயலி கொடுத்த சான்றிதழ். வெள்ளத்தாயி, பதிவு செய்த கைபேசி, அறிவிப்பு சேர்ந்தது, பார்க்கப்பட்டது, காலை எட்டு நாற்பது. நம்பர் மட்டும் முழுதாக இல்லை, அந்தரங்கத்தைக் காக்க வேண்டுமாம், கடைசி இரண்டு இலக்கம் போக மீதியெல்லாம் பெருக்கல் குறி. "அறிவிப்பப் பாத்துட்டு வராம இருந்துட்டு, இப்ப கிடைக்கலன்னு சொல்றாங்க" என்றார். ஜட்ஜம்மா பொறுமையாகத்தான் கேட்டார்கள். "ஏம்மா, இது உங்க போன்தானா?" "எங்கிட்ட போனே இல்ல சாமி." "அப்ப இது யார் நம்பர்? யார் கொடுத்தது?" கதவோரத்தில் வழக்குக் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். வெள்ளத்தாயி திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். நான் குனிந்து கட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.  அப்புறம் அவள் குரல் கேட்டது. "தெரியாது சாமி."

மனு தள்ளுபடி. வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, உனக்குத் தெரியும்ல, எந் நம்பர்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன், வெட்கம் கெட்டவள். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்க்கா. நீங்களே சொல்லாம நிக்கையில, நான் எப்பிடிக்கா சொல்ல? ஒங்க சோத்துல மண்ணு விழுந்துரும்ல" என்றாள். பிறகு, "அடுத்த ஜீப்பு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரகுமத் பாய் பேசினார். அவள் சொல்லாததை யாரிடம் கேட்டாரோ, கடைக்கு நான் போனபோது மற்றவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார். "என்னம்மா, சீட்டு வர்றது நின்னு ரெண்டு வருசமாச்சு, நானும் எல்லாத்துக்கும் போன் வந்துருச்சுன்னுல நெனச்சிக்கிட்டு இருந்தேன்? நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆளு விட்டுக் கேட்டுருக்க மாட்டனா?" என்றார்.  "எம் மயன் பேரு கெட்டுப் போகும் பாய்" என்றேன். "ஒங்க மயன் பேரு பெங்களூருல இருக்கு. அவ மரம் இங்கன கெடக்கு, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். நான்கு பலாவும் வெட்டிக் கிடந்தது. மூங்கில் தட்டி வீடு இருந்த இடத்தில் கம்பி வேலி. காப்பிச் செடியை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள், காய்ப்பில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன, ஒரு மரம் முளைக்குமா?

அதன் பிறகுதான் வாயைத் திறந்தேன். மதுரையில் மேல்முறையீட்டில் என் பேரில் பிரமாணப் பத்திரம் போட்டிருக்கிறேன். அது என் நம்பர், பொத்தானை அழுத்தியது நான், அவளுக்குச் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே வக்கீல்கள் எனக்கு வேலை கொடுப்பதை ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள், அது போகட்டும். எதிர்த்தரப்பு சொல்கிறது, இவள் அந்தப் பெண்ணுக்கு வேண்டப்பட்டவள், இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று. என் போனைக் காட்டலாம் என்றால், சோதனை ஓட்டம் முடிந்ததென்று பழைய கணக்கையெல்லாம் மூடிவிட்டீர்கள், இப்போது அதில் ஒன்றும் இல்லை. உண்மை சொல்லவே தயங்கியவள் உண்மை சொன்னபோது நம்ப ஆளில்லை. எனக்கு இது வேண்டும்தான். ஆனால் அவளுக்கு ஏன்? எந்தப் பேருக்கு எந்த நம்பர், எந்தப் போனிலிருந்து அழுத்தப்பட்டது என்ற பட்டியல் உங்கள் கம்பெனியில் இருக்கிறது. எங்கள் வக்கீல் பொண்ணு முறையாகக் கேட்டு எழுதினாள், பிறர் தகவலைத் தர இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கோர்ட்டு வழியாகக் கேட்டு வாங்கக் காலம் போதாது என்கிறாள். உன்னிடம் போனில் இரண்டு தடவை கேட்டேன், "சட்டப் பிரிவுல கேக்கணும்மா" என்றாய். எதற்கு என்று நான் சொல்லாததால் உனக்கும் அவசரம் புரியவில்லை. இப்போது புரியும். அந்தப் பட்டியல் வெளியே வந்தால் போன் இல்லாத அத்தனை பேருக்கும் நேரே ஒரே நம்பர்தான் இருக்கும். நீ நைரோபிக்குக் கொண்டு போகிற பச்சைக் கோடு உன் அம்மாவின் கட்டை விரல். வேறொன்றும் இல்லை.

போகிற இடத்திலும் மலை இருக்கும், சிக்னல் இல்லாத ஊர் இருக்கும், கோர்ட்டு வாசலில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் சிவப்பு பிடிக்காது. போன் இல்லாதவனுக்குப் போன் இல்லை என்று எழுத ஒரு கட்டம் வை. சேராத அறிவிப்பு சேராமல் கிடக்கிறது என்று எல்லார் கண்ணிலும் படட்டும், அதற்காக யாரையும் தலைகுனிய வைக்காதே. ஒரு நல்ல பேர் வந்தால் அது யார் செய்த வேலை என்று அங்கே போய் நின்று பார். இதெல்லாம் அம்மாவின் புத்திமதி என்று தலையாட்டுவாய். நான் உன் அப்பா சொன்னதற்குத் தலையாட்டக்கூட இல்லை, நீ அந்த மட்டும் தேவலை.

மதுரையில் அடுத்த விசாரணை நீ போன மறுவாரம். பட்டியல் இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று வக்கீல் பொண்ணு சொல்லிவிட்டாள். வந்தால் மட்டும் ஜெயித்துவிடுவோமா என்றால் அதுவும் நிச்சயம் இல்லை என்கிறாள். ஜெயித்தாலும் வெட்டிய மரம் வெட்டியதுதான். வெள்ளத்தாயி இப்போது ஆயக்குடியில் கொய்யாத் தோப்பில் பழம் பறித்துப் பெட்டியில் அடுக்குகிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். கீழே சூடு தாங்கவில்லையாம், உடம்பெல்லாம் வேர்க்குருவாகக் கிடந்தது. வெரசா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னாள். "தம்பி வெளிநாடு போகுதாம்ல்லக்கா? பாய் சொன்னாக. நல்லா இருக்கட்டும்" என்றாள். வஞ்சகமே இல்லாமல் சொன்னாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். விமானம் ஏறுவதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்து அனுப்பு தம்பி. அனுப்பினால் உன் வேலை போகலாம், நைரோபி போகலாம், பேரும் போகலாம். நான் மறைக்கவில்லை. நீ அனுப்ப மாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்ற இடத்தில், நானும் குனிந்துகொண்டுதான் நின்றேன். உனக்காகக் குனிந்தேன். நீ யாருக்காகக் குனிவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா